இந்தக் கேள்விக்கு மட்டும்

ஆண்டுவிழா மேடையை அணிசெய்யும் அவைத்தலைவர், எங்கள் மருத்துவமனையின் இயக்குநர் அவர்களே! முன்வரிசைப் பெரியோர்களே! இரவுப் பணி முடித்து, தூக்கத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வந்திருக்கும் செவிலித் தாய்மார்களே! என்னைக் கண்டதும் "சர்வர் டவுனா?" என்று நலம் விசாரிக்கும் அருமைச் சகாக்களே! அனைவரையும் வணங்குகிறேன்.

'கணினியும் கருணையும்' என்று தலைப்புத் தந்திருக்கிறார்கள். பெரிய தலைப்பு. நான் ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேசுகிறேன். 'மட்டும்'.

இங்கே டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்பவள் நான். டேட்டாபேஸ் என்றால்... பின்வரிசையில் ஓர் அண்ணன் "தமிழ்ல சொல்லும்மா" என்கிறார். சொல்கிறேன் அண்ணா. நம் பதிவுகள் எல்லாம் குடியிருக்கும் வீடு அது. பதிவுப் பிரிவு அதனிடம் கேட்கிறது: இவர் முன்பே வந்தவரா? மருந்தகம் கேட்கிறது: இந்த மாத்திரை இருக்கிறதா? ஒவ்வொரு கேள்வியையும் விரித்துப் பார்க்க, அந்த வீட்டை நடத்தும் பெரிய கணினியான சர்வர் ஒரு மேசை போடுகிறது. மெமரி என்று நாங்கள் சொல்வது அந்த மேசையைத்தான். எல்லா மேசைகளும் ஒரே அறையில்தான். எல்லோருக்கும் ஒரே அளவு. சின்ன மேசை. சின்னக் கேள்விக்குப் போதும்.

போதாத கேள்வி ஒன்று வந்தது.

குழந்தைகள் வார்டில் ஒரு சிறுமி. செவிலியர் வைத்த செல்லப்பெயர் வாயாடி. இதயத்தில் அறுவை சிகிச்சை செய்ய வேண்டும். அவளுடையது அரிய இரத்தம். இதுவரை இரத்தம் கொடுத்த அத்தனை பேரின் பரிசோதனைகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டால்தான், அவளுக்குப் பொருந்துபவர் யார் என்று தெரியும். அதைச் சின்ன மேசையில் விரித்தால்? பாதியைத் தரையில் பரப்ப வேண்டும். எடுக்க வேண்டும். வைக்க வேண்டும். மறுபடி எடுக்க வேண்டும். பதில் வருமுன் கெடு முடிந்து, கேள்வியே அறுபட்டுவிடுகிறது.

என் சகா ஒருவன். சூறாவளி என்றால்தான் உங்களுக்குத் தெரியும். சிரிக்காதீர்கள், அவனும் இங்கேதான் இருக்கிறான்.

"எதுக்கு அக்கா மண்டைய உடைச்சுக்கிறீங்க? எல்லாருக்கும் மேசையப் பெருசாக்கிட்டாப் போச்சு!"

"டேய், இருடா. ரூம் எவ்வளவு பெருசுன்னு..."

"போட்டுட்டேன் அக்கா."

போட்டுவிட்டான். யாருக்கும் குறை வைக்காத நல்ல மனம். மாத்திரை தேடியவருக்கும் பெரிய மேசை. முகவரி தேடியவருக்கும் பெரிய மேசை. அறை நிரம்பியது. சர்வர் மூச்சுத் திணறி விழுந்தது. பதிவில் கூச்சல். மருந்தகத்தில் கூச்சல். யாருக்காகச் செய்தோமோ, அந்தச் சிறுமியின் கேள்வியும் அந்த இடிபாட்டில் செத்தது.

மறுநாள் இயக்குநரின் ஆணை. சர்வரின் எந்த அமைப்பையும் யாரும் தொடக் கூடாது. எல்லாக் கேள்விக்கும் ஒரே அளவு. நியாயமான கோபம் ஐயா. அன்றைக்கு வசவு வாங்கியவர்கள் பதிவுப் பிரிவுத் தங்கைகள். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தோம்.

ஆனாலும் யோசிக்கிறேன். எல்லோருக்கும் சின்னது. எல்லோருக்கும் பெரியது. இரண்டும் ஒன்றுதானே? இரண்டுமே கேள்வியைப் பார்க்கவில்லையே?

வேறு வழி இருக்கிறது. ஒரு கேள்வியின் தலையிலேயே ஒரு வரி எழுதலாம்: இந்தக் கேள்விக்கு மட்டும் பெரிய மேசை. கேள்வி முடிந்ததும் மேசை தானாக மடங்கிவிடும். பக்கத்துக் கேள்விக்கு இடிக்காது. சர்வரின் விதி இருந்த இடத்திலேயே இருக்கும்.

"அப்ப எங்களுக்கும் ஒரு 'மட்டும்' போட்டுக் குடுங்க!" மருந்தக அண்ணன் குரல்தானே அது? இன்று நீங்கள், நாளை கேன்டீன்காரர். எல்லோருக்கும் கொடுத்தால் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் அண்ணே? யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது? கணினி சொல்லாது. நாம்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். எனக்கும் முழு விடை தெரியாது. ஒரு கேள்விக்குத் தெரியும்.

சோதனைக் கணினியில் ஓட்டிப் பார்த்தேன். தேநீர் ஆறுமுன் பதில். ஆனால் அங்கே இருப்பவை நாங்களே இட்டுக்கட்டிய பெயர்கள். பொய்ப் பெயர்களிடம் இரத்தம் கேட்க முடியுமா?

இன்று காலை வார்டுக்குப் போனேன். "என் ரத்தத்தைத் தேடுற மெஷின் இன்னும் தூங்குதா அக்கா?" என்றாள் வாயாடி. "சும்மா இருடி, அவங்களே பாவம்," என்றார் அவள் அம்மா. அது தூங்கவில்லை. நாம் கட்டிப்போட்டிருக்கிறோம். இதை எப்படிச் சொல்வேன் அந்தத் தாயிடம்?

இயக்குநர் அவர்களே! ஆணையை நீக்கச் சொல்லவில்லை. பிறரிடமிருந்து பறிக்கச் சொல்லவில்லை. ஒரு கேள்வி. ஒரு முறை. ஓர் உயிர். உங்கள் அனுமதி வேண்டும். எழுதிக்கூட வேண்டாம், இங்கேயே, இப்போதே.

தலையசைக்கிறீர்கள். மைக்கில் சொல்லிவிடுங்கள் ஐயா, பிறகு யாரும் என்னைக் கேட்கக் கூடாது.

"சரிம்மா. ஓட்டும்மா."

நன்றி ஐயா! டேய் சூறாவளி, நீ எதையும் தொடாத. நானே வர்றேன்.

கைதட்டல் வேண்டாம். உரையைச் சுருக்கிக்கொண்டு ஓடுகிறேன். இந்த அரங்கில் பலர் நம் இரத்த வங்கிக்கு வந்தவர்கள். விழா முடிவதற்குள் உங்களில் ஒருவருடைய போன் அடிக்கலாம். தெரியாத நம்பர் என்று வெட்டிவிடாதீர்கள்.

எல்லோருக்கும் நன்றி. வணக்கம்.