ஏழாம் நம்பர் வீடு

கரிசலில் வீடு கட்டினால் சுவர் விரியத்தான் செய்யும், சார். வெயிலுக்கு மண் பிளக்கும், மழைக்கு உப்பும். நான் இருக்கும் வாடகை வீட்டிலும் விரிசல் உண்டு. காலண்டரைத் தொங்கவிட்டு மறைத்திருக்கிறோம்.

என் பெயர் பூவனநாதன். அரசு நிலக்கரிக் கம்பெனிக்குக் கோவில்பட்டிக்குத் தெற்கே ஒரு யார்டும் ஊழியர் குடியிருப்பும் இருக்கின்றன. அங்குள்ள வீடுகளையும் நிலத்தையும் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. பழைய வரிசையை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட உத்தரவு வந்தது. எல்லோரும் காலி செய்தார்கள், ஏழாம் நம்பர் சிவனாண்டி அண்ணாச்சியைத் தவிர. யார்டில் லோடுமேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. மகள் ஆனந்தி புதியம்புத்தூரில் தையல் வேலை பார்க்கிறாள்.

கரண்டை நிறுத்தினேன். தண்ணீரை நிறுத்தினேன். அவர் அசையவில்லை. நேரில் போய்ப் பேசினேன்.

"ஆனந்தி வீடு தேடிட்டு இருக்கா தம்பி. தை பொறந்ததும் போயிருதேன்."

"மேல்தளம் இறங்குது அண்ணாச்சி. பயமா இல்லையா?"

"நீ வச்ச ஜாக்கி தாங்கி நிக்குல்லா. அதுக்குப் பக்கத்துலதான் கட்டிலு. நிம்மதியா தூங்குதேன்."

தளம் விழாமலிருக்க நானே நிறுத்திய இரும்பு ஜாக்கி அது. கம்பெனிச் சொத்து. இடிக்கப்போகும் வீட்டில் அதை விட்டுவைப்பது முறையில்லை.

மறுநாள் மத்தியானம் போனேன். கதவு திறந்து கிடந்தது. அண்ணாச்சி சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பினால் வாக்குவாதம் வரும். எழுப்பவில்லை. திருகைத் தளர்த்தியபோது சிமெண்ட் பொடி உதிர்ந்தது. தூக்கத்திலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஜாக்கியைத் தோளில் வைத்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

தளம் உடனே விழவில்லை. வேப்பமரத்தடியில் நின்றேன். உள்ளே இருமல் கேட்டது. விழித்துவிட்டார் போல. கூப்பிட்டிருந்தால் வந்திருப்பார். நான் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரத்தில், லாரியிலிருந்து கரி சரிவதுபோல் ஒரு சத்தம்.

ஆமாம் சார், சாவார் என்று தெரிந்துதான் எடுத்தேன். புது வீட்டுக்கு எத்தனையோ குடும்பங்கள் காத்துக்கிடந்தன. அதற்காகத்தான்.

ஆனந்தி வேறென்னவோ சொல்கிறாளாம். ரேஷன் கடை வரிசையில் அண்ணாச்சி, "ஊர்ப்பட்ட வீட்டுச் சாவி ஒங்கிட்ட கெடக்கே தம்பி, சொந்தமா ஒரு கதவு உண்டாய்யா?" என்று கேட்டார். என் பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாள் பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். யார்டு டிரைவர் சுடலைக்குமார் தின்ற முறுக்கு புரையேறச் சிரித்தான். அதற்காகச் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள், சார். அதை நான் அன்றைக்கே மறந்துவிட்டேன்.