சிவானியைச் சாப்பிடக் கூப்பிடுதல்

— திருப்பியும் சொல்லுறன், ஜோசப்பின், வடிவாக் கேள். ஆ-வொன்-டே-ட்டன். இராச்சாப்பாடு. எழுத்து ஒண்டும் விடேல்லையே?

— எழுத்து விடேல்லை, துர்க்கா.

— பிறகேன் நான் கூப்பிடக் கூப்பிட சிவானி சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கிறாள்? ஒல்லாந்திலை இருந்து வந்து ஒரு மாசம். தமிழ் விளங்குது, வாய் திறக்கிறாள் இல்லை. தாயைப் பறிகுடுத்த பிள்ளை. தன்ரை டச்சுப் பாசையிலை கூப்பிட்டால் எண்டாலும் வருவாள் எண்டு பாத்தன்.

— தகப்பன் நிதுசன் என்னவாம்?

— எயாப்போட் வேலையாலை வந்த உடனை அதே கதைதான். "பிள்ளைக்குக் கனடாவிலை இந்த ஸ்ரௌவ்வில் ஊர் ஒத்துவரேல்லைப் போல, ஒல்லாந்திலை என்ரை அம்மாட்டைத் திருப்பி அனுப்புவம்" எண்டுறார். அவரைக் கட்டேக்கை அவளையும் சேத்துத்தானேயடி கட்டினனான்!

— விசரி, அழாதை. இஞ்சை பார், நான் ஒல்லாந்திலை வளந்தவள், சொல்லுறன். பாலப்பம் எண்டு சொல்லு.

— பாலப்பம். என்னடி, பசிக்குதே?

— பா-லப்-பம். பாலின்ரை வாலைப் பிடிச்சு அப்பத்தோடை ஒட்டிப்போட்டாய். எங்கடை ஆக்களின்ரை பழக்கம் அது. டச்சிலை ரெண்டு சொல்லுச் சேந்தாலும் மூட்டு அப்பிடியே இருக்கும். ஆவொன்ட் எண்டால் பின்னேரம், ஏட்டன் எண்டால் சாப்பாடு. நீ மூட்டைக் குழப்பி, இல்லாத "டே" ஒண்டைச் செய்து, அதுக்கு மேலை ஏறி நிக்கிறாய்.

— அப்ப எந்த இடத்திலை அமத்திச் சொல்லுறது?

— அனேகமா முதல் சொல்லிலை. முன்னுக்குக் கார், பின்னாலை ரெயிலர். பின்னுக்கு வாறது தன்ரை பாட்டிலை இழுபட்டு வரும்.

— ஆவொன்ட்... ஏட்டன்.

— அவ்வளவு நேரம் நிக்காதை, சிக்னலே விழுந்திருக்கு?

— நக்கலடிக்காதை. சரி, பல்லுத் தீட்டுற பிரஷ். டாண்-டன்-போர்-ஸ்டல்.

— பிழை.

— என்ன பிழை? நீ சொன்ன மாதிரித்தானே...

— நான் வாயே திறக்கேல்லை, துர்க்கா. கதவடியைப் பார்.

— சிவானி!

— பிழை, அன்ரி. டாண் பெரிசு. மற்றதெல்லாம் சின்னன்.

— டாண்டன்... போர்ஸ்டல்?

— இல்லை! இன்னொருக்காச் சொல்லுங்கோ.

— ஜோசப்பின், கேட்டியே, கதைக்கிறாள்! இருந்து பார், ஒரு கிழமையிலை எல்லாச் சொல்லும் சரியாச் சொல்லிக் காட்டுறன்.

— மெல்லமாப் படி, விசரி. நீ பிழை விடுறபடியாத்தான் அவள் வாய் திறக்கிறாள்.