சோற்றில் உப்பில்லை என்ற சொல்லை நம்பியவருக்கு

நெய்தல் மனநல மருத்துவமனையின் உள்நோயாளிகள் பிரிவில் தலைமைச் செவிலியராகப் பணியாற்றி இன்று பணி நிறைவு காணும் திருமதி அற்புதமேரி அம்மையார் அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உள்ளம் நெகிழ்ந்து வாசித்தளிக்கும் மடல்.

உப்புக்காற்று உலவும் ஊரில் உறக்கம் தொலைத்த உள்ளங்களுக்கு உற்ற உறவாய் நின்றவரே! பூட்டிய கதவுக்குள் புழுங்கிய மனங்களுக்குப் பொழுது விடியும் என்று பொறுமையோடு உரைத்தவரே! சாவிக்கொத்து இடுப்பிலும் சாந்தம் கண்ணிலும் சுமந்தவரே! பெருமுக்கல் மலைமேல் நின்று கூப்பிட்டால் மரக்காணம் வரை கேட்கும் குரலால் எங்களை அதட்டி, அடுத்த நிமிடமே "சாப்டியாடி?" என்று கேட்ட எங்கள் சிஸ்டரம்மா! வணக்கம்.

மடல் என்றால் பண்புநலன்களை வரிசையாக அடுக்குவது மரபு. கடமை, கண்ணியம், காலந்தவறாமை என்று நாங்களும் எழுதித்தான் பார்த்தோம். படித்துப் பார்த்தால், போன ஆண்டு ஓய்வு பெற்ற கணக்குப் பிரிவு சரத்குமார் அவர்களுக்கு வாசித்த மடலும் இதுவும் ஒன்றாகவே இருந்தன! காலந்தவறாமையில் அவர் எப்படிப்பட்டவர் என்பது ஊரறிந்த ரகசியம். ஆகவே அந்தத் தாளைக் கிழித்துப் போட்டோம். அதற்குப் பதில் ஒரே ஒரு கதையைச் சொல்கிறோம். அதன் முன்பாதி எங்களுக்குத் தெரியும். பின்பாதி சென்ற வாரம்தான் தெரிந்தது. தெரிந்ததிலிருந்து வாயடைத்துப்போய்க் கிடக்கிறோம்.

கதை, உப்பளத் தொழிலாளி சதீஷுடையது. எங்கள் தம்பி போன்றவன் என்பதால் உரிமையோடு அவன் என்றே சொல்கிறோம்.

மூன்று கோடைகளுக்கு முன்பு ஓர் உச்சிவேளை. பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த சதீஷ் கூச்சல் கேட்டுத் திரும்பினான். கரையில் குவித்து வைத்திருந்த உப்பின்மேல் அவன் மனைவி மலர்கொடி ஏறி நின்று ஆடிக்கொண்டிருந்தாள். ஒரு வாரமாக அவள் கண்ணை மூடவில்லை. கேட்டால்தான் பதில் சொல்லும் பெண், அன்று அளமே அதிரக் கத்தினாள். "உப்பு பேசுது! உங்களுக்குக் கேக்கலையா? உப்பு என்னைக் கூப்புடுது!" அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவன் அம்மா தையல்நாயகியோ தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயையோ, உப்பு லட்சுமிடி! லட்சுமிய மிதிக்கிறியேடி!" என்று அவள் அலறியதை அந்த நேரத்தில் யாரும் பொருட்படுத்தவில்லை.

நான்கு பேர் பிடித்து ஆட்டோவில் ஏற்றி இங்கே கொண்டுவந்தார்கள். கம்பிக் கதவு திறந்து, மூடி, பூட்டிக்கொண்டது. அந்தப் பூட்டின் சத்தம் இன்றும் காதில் கேட்கிறது என்கிறான் சதீஷ். அவள் கண்ணாடி வளையல்களைக் கழற்றினோம், கொண்டை ஊசிகளை எடுத்தோம். அவன் கொதித்துப்போனான். "எம் பொண்டாட்டி என்னா திருடியா?"

"திருடி இல்லப்பா," என்றீர்கள் தாங்கள். "அவளுக்கு இப்போ எது தோணும்னு அவளுக்கே தெரியாது. தெளிஞ்சதும் நானே போட்டு வுடறேன்."

சொன்னபடியே, அவள் ஓரளவு தெளிந்த அன்று அத்தனை வளையலையும் தாங்களே மாட்டிவிட்டீர்கள். மருத்துவர் கௌதம் லித்தியம் மாத்திரை தொடங்கியிருந்தார். இரத்தம் எடுத்துப் பார்த்ததில் மருந்து சரியான அளவில் இருந்தது. மலர்கொடி தூங்கினாள், சிரித்தாள், கணவனைப் பார்த்து "ஏன் இப்படி இளைச்சுட்ட?" என்று கேட்டாள். சதீஷுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தாங்களும் பெரிய முதலியார்சாவடியில் தம்பி மகள் கல்யாணம் என்று விடுப்பில் போனீர்கள்.

அதே நேரத்தில்தான் தையல்நாயகி, "ஆசுபத்திரி சோறு எதுக்கு? எம் மருமவளுக்கு நானே ஆக்கித் தர்றேன்" என்றாள். வீட்டுச் சாப்பாட்டுக்கு நம் பிரிவில் தடையில்லை. தினமும் சதீஷ் அடுக்குக் கேரியரை வண்டியில் மாட்டிக்கொண்டு வந்து தன் கையாலேயே கொடுத்தான். இப்படி ஒரு மாமியார் யாருக்கு வாய்க்கும் என்று எங்கள் பிரிவே கண்வைத்தது.

மலர்கொடி மட்டும் சோற்றைப் பிசைந்தபடி சொன்னாள்: "சோத்துல உப்பு இல்ல."

சதீஷுக்குத் திக்கென்றது. மறுபடியும் உப்பா! பேசும் உப்பு, கூப்பிடும் உப்பு, இப்போது காணாமல்போன உப்பா! செவிலியர் வைஜெயந்தியிடம் ஓடிப்போய்ச் சொன்னான். அவரும் மலர்கொடியின் முதுகைத் தடவிக்கொடுத்து, "இருக்குதும்மா, உப்பு இருக்குது, நல்ல புள்ளையாட்டம் சாப்புடு" என்றார். மறுநாளும் அதே பேச்சு, அதற்கடுத்த நாளும் அதே. நோய் இன்னும் முழுதாகப் போகவில்லை என்று எல்லாரும் ஒருமனதாக முடிவு கட்டினார்கள். அவளும் சொல்வதை நிறுத்திக்கொண்டு பாதிச் சோற்றை ஒதுக்கி வைத்தாள்.

பிறகு கை நடுங்கியது. டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. வாந்தி எடுத்தாள், நடந்தால் தள்ளாடினாள், நாக்கு குழறியது. மருத்துவர் இரத்தம் எடுத்துப் புதுச்சேரிக்கு அனுப்பினார். முடிவு வருவதற்குள் சதீஷ் ஆட்டோவோடு வாசலில் வந்து நின்றுவிட்டான்.

"நடந்து வந்தவள நடக்க முடியாம ஆக்கிட்டீங்க! நான் இட்டுக்கினு போறேன். செத்தாலும் எங்கூட்டுல சாவட்டும்!"

"கொஞ்சம் பொறுங்க சதீஷ், ரிசல்ட் வரட்டும். இந்த நிலைமையில அனுப்ப முடியாது," என்றார் மருத்துவர்.

"உங்க மாத்திரைதான் சார் அவளக் கொல்லுது!"

பாதி உண்மைதான் அது. மீதிப் பாதி அவன் கையிலிருந்த கேரியரில் இருந்தது.

அந்த நேரம் பார்த்து, விடுப்பு முடிந்து, கல்யாண வீட்டுப் பட்டுப்புடவையோடும் தாம்பூலப் பையோடும் உள்ளே நுழைந்தீர்கள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நேரே கட்டிலருகே போய் உட்கார்ந்தீர்கள். மலர்கொடி தங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, குழறிக் குழறிச் சொன்னாள்: "சிஸ்டர்... சோத்துல... உப்பு இல்ல."

"இதையேதான் சிஸ்டர் சொல்லிக்கினே இருக்குது," என்றார் வைஜெயந்தி.

"நீ சாப்ட்டுப் பாத்தியாடி?"

சோற்றில் விஷம் இருக்கிறது என்று பயந்து உண்ண மறுக்கும் நோயாளிகளின் தட்டிலிருந்து முதல் கவளத்தைத் தாங்களே எடுத்து உண்பது தங்களின் நெடுநாள் வழக்கம். எங்களையும் அப்படித்தான் பழக்கினீர்கள். ஆனால் மலர்கொடி விஷம் என்று சொல்லவில்லையே! அதனால் அவள் தட்டில் எவர் கையும் படவில்லை.

தாங்கள் கேரியரைத் திறந்தீர்கள். சோற்றில் ஒரு வாய், குழம்பில் ஒரு வாய், வாழைக்காய் வறுவலில் ஒரு துண்டு. தங்கள் முகம் மாறியதை சதீஷ் பார்த்தான். "இந்தா, நீயும் ஒரு வாய் சாப்புடு," என்று அவனிடம் நீட்டினீர்கள். அவன் சாப்பிட்டான். சப்பென்று இருந்தது. ஒரு கல் உப்பு இல்லை. காலையிலிருந்து மாலைவரை உப்பிலேயே நிற்கிறவன், தன் கையாலேயே தினமும் உப்பில்லாத சோற்றைச் சுமந்து வந்திருக்கிறான்! அவனுக்கு வீட்டில் தனிச் சட்டியில் உப்போடு சமையல். அதனால் தெரியவே இல்லை. அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

போனில் அம்மாவைக் கேட்டான். "ஏம்மா சோத்துல உப்பு போடல?"

மறுமுனையில் அழுகை. "சொல்லக்கூடாதுடா. வேண்டுதல சொன்னா பலிக்காது. லட்சுமிய மிதிச்ச பாவம்டா அவளுக்கு. அவளும் நானும் ஆடித் திருவிழா முடியிற மட்டும் உப்பு தொடமாட்டோம்னு அம்மன் கிட்ட வேண்டிக்கினேன். நானும் உப்பில்லாமதான்டா துன்றேன்."

மருத்துவர் கௌதம் நெற்றியில் அறைந்துகொண்டார். உடம்பில் உப்பு குறைந்தால் இந்த மருந்து வெளியேறாமல் உள்ளேயே தேங்கும். தேங்கினால் அதுவே நஞ்சு. போதாக்குறைக்குக் கோடை வெயில், வாந்தி வேறு. உடனே மாத்திரை நின்றது, கையில் ஊசி ஏறியது, பாட்டில் தொங்கியது. புதுச்சேரியிலிருந்து வந்த முடிவும் அதையே சொன்னது: மருந்து இருக்கவேண்டிய அளவைப்போல் இருமடங்கு. அங்குள்ள பெரிய மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸ் கிளம்பியது, தாங்கள் பட்டுப்புடவையோடேயே ஏறி உட்கார்ந்தீர்கள். சொட்டுச் சொட்டாக இறங்கும் பாட்டிலைக் காட்டி, "அது என்னா மருந்து சிஸ்டர்?" என்று கேட்டான் சதீஷ்.

"உப்புத்தண்ணிப்பா."

அவன் சிரித்தானா அழுதானா என்று அவனுக்கே தெரியவில்லையாம். ஆட்டோவில் ஏற்றியிருந்தால், வீட்டில் கிடத்தி அதே சோற்றை ஊட்டியிருப்பேனே என்று இன்றைக்கும் சொல்லிச் சொல்லி நடுங்குகிறான். மலர்கொடி பிழைத்தாள்.

இதுவரை எங்களுக்குத் தெரிந்த கதை. இனி வருவதுதான் எங்கள் தலையில் இடியாய் இறங்கியது. சென்ற வாரம், தங்களை வழியனுப்பும் விழாவுக்கு அழைக்க, சதீஷ் வீட்டுக்குப் போனோம். தையல்நாயகி அம்மாள், "அந்த அம்மா நோன்ப முடிச்ச பெறவுதான் எனக்குத் தூக்கமே வந்துச்சு" என்றாள். எந்த அம்மா, என்ன நோன்பு என்று முழித்தோம். பிறகு சதீஷ் சொன்னான்.

மலர்கொடி வீடு திரும்பியதும் தையல்நாயகி குலை நடுங்கிப்போனாளாம். உப்பு போட்டால் வேண்டுதல் முறியும், அம்மன் பழிவாங்குவாள். போடாவிட்டால் மருந்து கொல்லும். உலைக்கு முன்னால் உப்புச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து அழுதிருக்கிறாள். சதீஷ் கத்தியிருக்கிறான், எடுபடவில்லை. அப்போது தாங்கள் அந்த வீட்டுக்குப் போய், அடுப்படியில் அவள் பக்கத்திலேயே அமர்ந்தீர்களாம். மூடநம்பிக்கை என்று ஒரு சொல் சொல்லவில்லையாம்.

"அம்மன் கிட்ட சொல்லிடுங்க, உங்க மருமவ பங்க நான் சாப்புடறேன்னு. டூட்டி மாத்திக்கிற மாதிரிதான். ஆஸ்பத்திரில நாங்க தெனம் மாத்திக்கிறோம், யாரும் கோவிச்சிக்கிறதில்ல."

"நீங்க வேதக்காரங்களாச்சேம்மா?"

"உப்பில்லாத சோறு எல்லா சாமிக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும், போடுங்க."

தையல்நாயகி எழுந்து மருமகளின் உலையில் உப்பைப் போட்டாளாம்.

அடடா! அந்த ஆடி வரை எங்களோடு ஒரே மேசையில் அமர்ந்து உப்பில்லாக் கஞ்சி குடித்தீர்களே! "என்னா சிஸ்டர் இது, உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று நாங்கள் கேலி செய்தபோது, "பிரஷருடி, பிரஷரு" என்று எங்கள் முகத்தைப் பார்த்து வாய்கூசாமல் பொய் சொன்னீர்களே! ஞாயிறு தவறாமல் மாதா கோவிலுக்குப் போகிறவர் சொல்லும் பொய்யா அது? மருந்தாளர் ஆரோக்கியசெல்வி தங்களைப் பிடித்து வைத்து இரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, நார்மல்தானே என்று குழம்பியது இப்போதல்லவா விளங்குகிறது! திருவிழா முடிந்த மறுநாள் கருவாட்டுக் குழம்பை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டீர்கள், அதற்கும் ஒரு காரணம் இருந்திருக்கிறது. இத்தனை காலம் பக்கத்தில் இருந்தும் ஒன்றும் அறியாமல் இருந்தோமே என்று திகைக்கிறோம், தங்களை வணங்குகிறோம், கொஞ்சம் கோபமும் படுகிறோம்.

ஊரார் பைத்தியம் என்று ஒதுக்கும் ஒருவரின் வாயிலிருந்து வருவதும் சொல்தான் என்று பாடம் நடத்தாமல், சோற்றை வாயில் போட்டுக் காட்டியவரே! "சாப்ட்டுப் பாத்தியாடி?" என்ற தங்களின் ஒரு கேள்வி இன்று எங்கள் பிரிவின் சட்டம். வயிறு வலிக்கிறது என்று ஒரு நோயாளி சொன்னால் வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறோம். யாரோ அடித்தார்கள் என்றால் சட்டையை விலக்கிப் பார்க்கிறோம். நோய்தான் பேசுகிறது என்று சொல்வதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்கிறோம்.

இனி தாங்கள் சாவிக்கொத்தின் சத்தமில்லாமல் காலையில் எழுந்து, காய்கறிக்காரரிடம் பேரம் பேசி, பேரப்பிள்ளைகளை அதட்டி, மூட்டுவலி இன்றி, முகம் வாடாமல், நல்ல பசியோடும் நல்ல உறக்கத்தோடும் நெடுங்காலம் வாழ வேண்டும். பிரஷர் வந்தால் உண்மையான பிரஷரைச் சொல்லவும் வேண்டும்!

நிறைவாக ஒன்று. இன்று காலை விருந்துச் சமையலுக்கு மலர்கொடி வந்திருந்தாள். மருந்தும் தவறாமல் எடுக்கிறாள், அளத்து வேலைக்கும் போகிறாள். கொதிக்கும் சாம்பாரைக் கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் ஊற்றி ருசி பார்த்தாள். பக்கத்தில் நின்ற வைஜெயந்தியும் பழக்கதோஷத்தில் ஒரு கரண்டியை எடுத்து அண்டாவுக்கு நீட்டினார். மலர்கொடி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"உப்பு சரியா இருக்குதுக்கா. நான் சொன்னா நம்புவீங்க இல்ல?"

வைஜெயந்தி கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். இலை போட்டாயிற்று, சிஸ்டரம்மா. எங்களில் ஒருவரும் அந்தச் சாம்பாரை ருசி பார்க்கவில்லை.

என்றும் தங்கள் அதட்டலுக்கு ஏங்கும்,
உள்நோயாளிகள் பிரிவுப் பணியாளர்கள்,
நெய்தல் மனநல மருத்துவமனை,
மரக்காணம்.