அது என் கை போட்ட கோடு இல்ல

"ஹலோ... ஆமா அண்ணே, நான்தான்... ஆமா, ஆமா, கடையிலதான் இருக்கேன்... மேடம் திருப்பி அனுப்பின ஃபில்டர் என் கையிலதான் இருக்கு... இல்ல, தொடைக்கல... தொடைக்கல அண்ணே. தொடைக்கவும் மாட்டேன்."

கேமரா வாடகைக் கடையில் கண்ணாடிச் சாமான்களைத் துடைத்து வைப்பதுதான் அவள் வேலை. துடைக்க மாட்டேன் என்று ஒன்பது வருடத்தில் இன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சொல்கிறாள். முதலாளிக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கும். போடட்டும்.

"ம்... ம்... போட்டோகிராபர் மேடம் பத்து நிமிஷத்துல வராங்க, சரி... அதுக்குள்ள பளிச்சுனு தொடச்சு வெச்சுட்டு, என் தப்புதான்னு நான் மன்னிப்புக் கேக்கணும்... இருங்க, என்னைப் பேச விடுங்க. நேத்து ஓட்டப்பந்தயம், எதிர்வெயில்ல எடுத்த படம், அத்தனையிலயும் ஈரத்துணி இழுத்த மாதிரி கோடு. இன்னொரு தடவை ஓடுங்கன்னு சொல்ல முடியுமா? அவங்க வயிறு எரியத்தான் செய்யும். அதுக்கு நான் ஏன் தலைய நீட்டணும்?"

அவள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, லென்ஸுக்கு முன்னால் மாட்டும் அந்த ஃபில்டரை டியூப்லைட்டுக்கு நேரே சாய்த்தாள். கண்ணாடியின் மேல்பூச்சு ஊதாவாக மின்னியது. அதன் மேல் மங்கலாக ஒரு பட்டை, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை.

"பாத்துட்டுதான் பேசறேன். கோடு நேரா இறங்குது. நான் அப்படியா தொடைப்பேன்? முதல்ல காத்தடிச்சுத் தூசியைத் தள்ளுவேன். அப்புறம் கிளீனரு துணியில ஒரு சொட்டு, கண்ணாடி மேல ஒருநாளும் விடமாட்டேன். நடுவுல ஆரம்பிச்சு, சுத்திச் சுத்தி ஓரத்துக்கு வருவேன். காயறதுக்குள்ள இன்னொரு துணி... தெரியும்ல? தெரிஞ்சுக்கிட்டே என் தலையில கட்டறீங்களே... அதோட வாசனை வேற வருது. ஆமா, மோந்து பாத்தேன். துணி அலசற தண்ணியில மணக்கறதுக்கு ஊத்துவாங்களே, அது. அந்தத் துணி இந்தக் கோட்டிங்ல பட்டா எண்ணெய் தடவின கணக்குதான். அதுக்கு பயந்துதானே என் துணியெல்லாம் வெறும் சோப்புல தனியா துவைக்கறேன்."

"ஒருவேளை மேடமே தொடச்சிருப்பாங்க... இல்லையாமா?... பெட்டியிலருந்து எடுத்து அப்படியே மாட்டினாங்களாம். சரி, நம்பறேன். அப்போ நடுவுல திறந்தது யாரு? சனிக்கிழமை மத்தியானம் நான் மூடி வெச்சுட்டு வீட்டுக்குப் போனேன். சாயங்காலம் எடுத்துக் குடுத்தது நீங்க... அண்ணே?... ஹலோ?... கேக்குதா?"

மறுமுனையில் செருமல் மட்டும் கேட்டது. அவளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது.

"திறந்து காட்டினீங்களா... ம்... தூசி இருந்துச்சா... எதால தொடச்சீங்க?... எதாலன்னு கேட்டேன்... கைக்குட்டை. அண்ணி துவைச்சு மடிச்சுக் குடுத்த கைக்குட்டை."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது.

"தெரியாம பண்ணினது தப்பில்ல, மனுஷன்தானே. தெரிஞ்சப்புறமும் எனக்குப் போன் போட்டீங்க பாருங்க, அதுதான் மனசு ஆறல... கடைப் பேரா? எனக்குப் பேரு இல்லையா? இவ தொடச்சா கோடு விழாதுங்கற பேரை நம்பித்தான் என் பொழப்பு ஓடுது. அதையும் கெடுத்துட்டா நாளைக்கு எந்தக் கடையில என்னைச் சேப்பாங்க?... சரி... சரி, நாளையிலருந்து வரலை. போகச் சொன்னா போயிடறேன். ஆனா உங்க தப்பைத் தூக்கிட்டுப் போகமாட்டேன்."

கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு, ஒரு கையில் மடிக்கணினியும் முகம் நிறையக் கோபமுமாகப் போட்டோகிராபர் உள்ளே வந்தார்.

"வந்துட்டாங்க... ஆமா, எதிர்லதான் நிக்கறாங்க... அப்புறமா இல்ல, இப்பவே. போனைக் குடுக்கறேன், நீங்களே சொல்லுங்க... இல்ல, உங்க வாயாலயே சொல்லுங்க அண்ணே. இந்தாங்க மேடம், எங்க முதலாளி பேசணுமாம்."

போட்டோகிராபர் போனைக் காதில் வைத்தார். ஒரு நொடி கேட்டுவிட்டு, புருவத்தைச் சுருக்கித் திருப்பி நீட்டினார்.

"கட் பண்ணிட்டாரா... பரவாயில்ல. உக்காருங்க மேடம், அவர் சொல்ல வேண்டியதை நான் சொல்றேன்."