கன்னத்தில் படும் சூடு

அன்று காலை அரங்கில் ஐந்து பேர் இருந்தோம்: நான், என் தம்பி, தம்பியின் மனைவி, ஒளிப்பதிவாளர், விளக்கு மாமா. உட்காரச் சொன்னீர்கள், நன்றி. நின்றுகொண்டே சொல்கிறேன். இரண்டு வாரமாக எந்த நாற்காலியும் எனக்கு ஒத்துவரவில்லை.

விளக்கு மாமா எங்களுக்கு உறவில்லை. அப்பாவின் நாடகக் குழுவுக்கு நாற்பது வருடம் விளக்கு போட்டவர். சிறுவயதில் மாமா என்று கூப்பிட்டோம். அவரும் மாமனாகவே நடந்துகொண்டார். அதாவது, கேட்காமல் அறிவுரை சொல்வார், கூப்பிடாமல் சாப்பாட்டுக்கு வருவார்.

பழைய நாடகங்களைத் திரைக்கு எப்படி மாற்றுவது, அவற்றுக்கு எப்படி விளக்கு வைப்பது என்று அப்பா எழுதிய நூல் மூன்று பதிப்பு கண்டது. ஒளிப்பதிவு படிப்பவர்களுக்கு அது பாடம். அப்பா போன பிறகும் எங்கள் வீடு புத்தகக்காரர் வீடுதான். அந்தப் பெயரைச் சொல்லித்தான் என் பெண்ணுக்குச் சம்பந்தம் பேசினேன்.

அந்த நூலில் எல்லோருக்கும் மனப்பாடமான ஒரு வரி உண்டு. 'கண் தரையைத் தேடக் கூடாது. கன்னம் விளக்கைத் தேடட்டும்.' நிற்க வேண்டிய இடத்தை நடிகன் குனிந்து பார்த்தால் கேமரா காட்டிக்கொடுத்துவிடும். நிமிர்ந்து நடந்து, கன்னத்தில் சுள்ளென்று சூடு பட்டதும் நிற்க வேண்டும். நாங்கள் இருவரும் மேடையில் நடக்கப் பழகியதே அப்படித்தான்.

நான்காம் பதிப்புக்காக அலமாரியைக் குடைந்த தம்பியின் கையில் ஒரு நோட்டுப் புத்தகம் சிக்கியது. முழு நூலும் மாமாவின் கையெழுத்தில் இருந்தது. அவருக்கு விளக்கு என்று எழுத வராது. பக்கத்துக்குப் பக்கம் 'வெளக்கு'. அப்பா சிவப்பு மையால் அதைத் திருத்திக்கொண்டே போயிருந்தார். மற்றபடி ஒரு வரியும் மாறவில்லை.

அட்டையில் மாமாவின் பெயர் வர வேண்டும் என்றான் தம்பி. அப்பாவின் நாடகம் ஒன்றை அப்போது படமாக எடுத்துக்கொண்டிருந்தோம். அதன் தொடக்கத்திலும் போடப்போகிறானாம்.

"நம்ம வீட்டுப் புத்தகத்துக்கு ரெண்டு அப்பனா?" என்று கேட்டேன்.

"ஒரே அப்பன்தாண்ணா. நாமதான் பேரை மாத்தி வச்சிட்டோம்."

சிரித்துக்கொண்டே சொன்னான். அவனுக்கு எப்போதும் சொல் முந்தும், மரியாதை பின்னால் நடந்து வரும்.

மூன்று முறை எடுத்துச் சொன்னேன். பிறகு நோட்டை எரித்தேன். "சாம்பலைக் கூட்டி அள்ளிடுங்கண்ணா, அண்ணி திட்டுவாங்க. நான் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்தாச்சு," என்றான். அன்றிலிருந்து வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன். கூடத்திலிருந்து சமையலறைக்கு இருபத்திரண்டு அடி. அவன் மாறுவதற்கு நிறையவே நேரம் கொடுத்தேன் என்பதற்காகச் சொல்கிறேன்.

படத்தில் அவன் அரசன். இருட்டிலிருந்து விளக்கை நோக்கி நடந்து வந்து, மேடை நடுவில் நிற்க வேண்டும். அவன் நிற்கும் இடத்தைத் தாண்டி ஓரடியில் தரையில் ஒரு பலகைக் கதவு உண்டு. பழைய நாடகங்களில் ஆவி எழுந்து வரும் வழி. கீழே இரண்டு ஆள் ஆழம், கருங்கல் தரை. மற்றவர்கள் தேநீர் குடிக்கப் போனபோது கதவைத் திறந்தேன். விளக்கை நான்கடி பின்னுக்கு இழுத்தேன். யார் பார்த்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்கள். முதல் விளக்கைத் தொடுவது எங்கள் குடும்பத்தில் மூத்தவன் உரிமை.

அவர்கள் திரும்பி வந்தார்கள். மாமா திரைக்குப் பின்னால் சுவிட்சுகளுக்கு அருகில் நின்றார். தம்பி மனைவி ஒப்பனை அறையில் இருந்தாள். ஒளிப்பதிவாளரின் கண் கேமராவில் தெரிந்த முகத்தை விட்டு அசையவில்லை. வெளிச்சம் நேராகக் கண்ணில் விழும்போது தரை என்று ஒன்று இருப்பதே தெரியாது. தம்பி நிமிர்ந்து நடந்தான். நல்ல நடை. அப்பாவின் நடை.

நீங்கள் முதலில் மாமாவைப் பிடித்தீர்கள். விளக்கு அவர் பொறுப்பு. எனக்கு ஆட்சேபம் இருக்கவில்லை. ஆனால் அவர் உங்களிடம், "நான் எழுதின வரிதான் பிள்ளையைக் கொன்னுடுச்சு" என்று அழுதிருக்கிறார். அது பத்திரிகையில் வந்துவிட்டது. அதனால்தான் இங்கே வந்தேன். வரி அப்பாவுடையது. குற்றம் என்னுடையது. இரண்டும் குடும்பத்துக்குள்ளேயே இருக்கட்டும். இதே வரிசையில் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் திருத்திவிடுகிறேன். தம்பி பாதியில் தயங்கி, "அண்ணா, சூடே தெரியலையே" என்று கேட்டதாகவும், நான் வாயே திறக்கவில்லை என்றும், ஒப்பனை அறையில் காதில் விழுந்ததை வைத்து அவன் மனைவி சொல்ல, ஊரெல்லாம் அதே பேச்சு. தவறு. தம்பி கேட்டு நான் பதில் சொல்லாமல் இருந்ததே இல்லை. "இன்னும் ரெண்டடி வா" என்று சொன்னேன்.