காத்திருந்த நாற்பத்தொரு புகார்களும் ஒரு புள்ளியும்

பேச்சாளர் நீட்டினால் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிடும் வழக்கமுள்ள, நம் நோயாளர் நலச் சங்கத் தலைவர், பெரியவர் ஆவுடைநாயகம் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே! முக்கூடலிலிருந்தும் மேலப்பாளையத்திலிருந்தும் அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! புன்னக்காயலிலிருந்து பேருந்து மாறி மாறி வந்து சேர்ந்திருக்கும் செவிலியர் சாரம்மாள் அவர்களே! மேடைக்கு வர மறுத்து ஐந்தாம் வரிசையில் அமர்ந்திருக்கும் தங்கை நஃபீஸத் அவர்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

முப்பத்திரண்டு ஆண்டுகளாகச் செய்தி எழுதுகிறவன் நான். செய்தியாளன் மேடை ஏறினால் அடுத்தவர் குற்றத்தைப் பேசுவான் என்று நினைப்பீர்கள். இன்று என் குற்றத்தைப் பேச வந்திருக்கிறேன்.

பின்னால் யாரோ, "சத்தமாச் சொல்லும்வே!" என்கிறார். சொல்லுகிறேன் அண்ணாச்சி. சத்தமாகச் சொல்லத்தான் வந்தேன்.

நம் ஆற்றங்கரை ஊர்களின் சிறு மருத்துவமனைகளில் கருவி பழுதானால் சரிசெய்து தருவதற்கு இங்கே ஒரு மையம் இருக்கிறது. சென்ற ஆண்டு அங்கே புதிய மென்பொருள் வந்தது. பெரிய நிறுவனங்கள் வாங்குகிற மென்பொருள். கூடவே ஒரு சுற்றறிக்கையும் வந்தது: "புகார் கணினியில் ஏறிவிட்டால் தொலைபேசியில் கேட்க வேண்டாம். கேட்டால் வேலை தாமதமாகும்."

புன்னக்காயலில் சாரம்மாள் அதைப் படித்தார், பணிந்தார், பொறுத்திருந்தார். மேலப்பாளையத்தில் மருத்துவமனையைக் கவனிக்கும் மைதீன் பாத்திமாவும் படித்தார், மடித்தார், மேசை இழுப்பறைக்குள் வைத்தார், தொலைபேசியை எடுத்தார்! அதோ, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறாரே, அவர்தான்.

"ஏட்டி நஃபீஸத், எங்க ஆக்சிஜன் மிசின் என்னட்டி ஆச்சு?"

"பாகம் இன்னும் வரலம்மா."

"நேத்தும் இதத்தான சொன்ன?"

"நேத்தும் வரலயேம்மா."

"சரி, நான் கேட்டேன்னு எழுதி வையி. நாளைக்கும் கேப்பேன்."

மையத்தில் புகார்களைப் பதிவு செய்பவர் நஃபீஸத். யார் கேட்டாலும், அந்தப் புகாரின் கீழே ஒரு வரி எழுதுவார்: மறுபடியும் போன் செய்தார்கள். முக்கூடல் கேட்டாலும் எழுதுவார். மேலப்பாளையம் கேட்டாலும் எழுதுவார். புன்னக்காயல் கேட்கவில்லை, அதனால் எழுதவில்லை.

மூன்று மாதக் கணக்கு என் கைக்கு வந்தது. மேலப்பாளையத்துப் புகார்கள் சராசரியாக நான்கு நாளில் முடிந்திருந்தன. புன்னக்காயலின் புகார்கள் முப்பது நாளாகியும் முடியவில்லை. அதையே தலைப்பாக்கினேன். நாளைச் சரிபார்த்தேன், எண்ணைச் சரிபார்த்தேன், ஊரைச் சரிபார்த்தேன். கடைசிப் பத்தியில் ஒரு வாக்கியம் எழுதினேன்: "புகார்களைப் பதிவு செய்யும் ஊழியர் மேலப்பாளையத்தைச் சேர்ந்தவர்."

அதில் பொய் உண்டா? இல்லை. பெயர் உண்டா? இல்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியம் செய்த காரியத்தை என் முப்பத்திரண்டு ஆண்டு எழுத்து எதுவும் செய்ததில்லை. திங்கள்கிழமை செய்தி வந்தது. செவ்வாய்க்கிழமை நஃபீஸத்தின் கையில் மெமோ. சொந்த ஊருக்குச் சலுகை காட்டியதற்கு ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும். தவறினால் வேலை போகும். நகர்ந்த புகார் ஒவ்வொன்றிலும் கடைசியாகக் கைவைத்தவர் என்று அவர் பெயர்தான் இருந்தது. இதைவிடச் சாட்சி வேண்டுமா என்றது அலுவலகம். வேண்டாம் என்றது ஊர். வேண்டாம் என்றுதான் நானும் நினைத்தேன்.

நஃபீஸத் அழவில்லை. மென்பொருளோடு வந்த கையேட்டை எடுத்தார். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். பாகம் வரும்வரை புகாரை நிறுத்தி வைக்கும் அந்தக் "காத்திருப்பு"க் கட்டத்தைப் பற்றி எத்தனை பக்கம் தெரியுமா? ஒரு வரி! "நிபந்தனை நிறைவேறும் வரை காத்திருக்கும்." அவ்வளவுதான். உதவி மையத்துக்கு எழுதினார். பதில் வந்தது: "மென்பொருள் வடிவமைத்தபடியே இயங்குகிறது."

அடுத்து ஸ்டோருக்குப் போனார். அங்கே தேவசிகாமணி அண்ணாச்சி. புகாருக்குப் பாகம் தேவைப்பட்டால், அதன் கீழே ஒரு சிறு பதிவு பிறந்து இவரிடம் வரும். பாகம் வந்ததும் அந்தச் சிறு பதிவை முடித்துவைப்பது இவர் வேலை.

"அண்ணாச்சி, புன்னக்காயல் ஆக்சிஜன் மிசினுக்குப் பாகம் எப்பம் வரும்?"

"எப்பமா? அது வந்து பத்தொம்பது நாளாச்சேம்மா! நான் அன்னைக்கே முடிச்சிட்டேன்லா. அந்தா அலமாரியில இருக்கு, பாரு."

பத்தொன்பது நாள்! பாகம் அலமாரியில் இருந்தது, பழுதான கருவி புன்னக்காயல் கடற்கரையில் இருந்தது, புகார் மட்டும் காத்திருப்பிலேயே இருந்தது. தேவசிகாமணி தன் வேலை முடிந்தது என்று நினைத்தார். திரையில் காத்திருப்பு என்று கண்ட நஃபீஸத், பாகம் வரவில்லை என்று நினைத்தார். பழுதுபார்ப்பவருக்கோ அப்படி ஒரு புகார் இருப்பதே தெரியாது.

நகர்ந்த புகார்களையும் நகராத புகார்களையும் அச்செடுத்துத் தரையில் பரப்பினார் நஃபீஸத். அப்போதுதான் கண்டார். மேலப்பாளையத்துப் புகாரில் "மறுபடியும் போன் செய்தார்கள்" என்று எழுதிய நேரம் பதினொன்று பதினான்கு. அது நகர்ந்த நேரமும் பதினொன்று பதினான்கு. அடுத்ததிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும் அப்படியே!

சனிக்கிழமை என் அலுவலகத்துக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், நீங்க எழுதுனதுல நாள் சரி, எண்ணு சரி, ஊரும் சரி. காரணம் மட்டும் தப்பு. திங்கக்கெழம பத்து மணிக்கு வந்து பாருங்க. அன்னைக்குத்தான் எனக்குக் கடைசி நாளு."

போனேன். மையத்தின் மேலாளர் குமரகுருபரன் இருந்தார், தேவசிகாமணி இருந்தார். இல்லாத ஒரு மின்விசிறிக்கு இரண்டு புகார்களைப் பதிவு செய்தார் நஃபீஸத். இரண்டும் பாகத்துக்காகக் காத்து நின்றன.

"அண்ணாச்சி, ரெண்டுக்கும் றெக்கை வந்துட்டுன்னு முடிச்சு விடுங்க."

"இல்லாத ஃபேனுக்கு இல்லாத றெக்கையா? நாப்பது வருச சர்வீசுல இப்பிடி ஒரு சாமான் நான் பாக்கலம்மா!" என்றபடி முடித்துவைத்தார். பத்து நிமிடம் பார்த்தோம். இரண்டும் அசையவில்லை.

நஃபீஸத் முதல் புகாரைத் திறந்தார். ஒரு வார்த்தை எழுதவில்லை. ஒரே ஒரு முற்றுப்புள்ளி வைத்துச் சேமித்தார். இமைக்கும் நேரத்தில் அது காத்திருப்பைக் கடந்து பழுதுபார்ப்பவரின் பட்டியலில் போய் நின்றது! மற்றது நின்ற இடத்திலேயே நின்றது.

குமரகுருபரனுக்கு நம்பிக்கை வரவில்லை. "நகரும்மா, அடுத்ததுல நான் வைக்கேன்" என்று தானே உட்கார்ந்தார். புள்ளி வைத்தார். அதுவும் போயிற்று. "ஏ, என் கையிலயும் போகுதே!" என்றார்.

போகாதா பின்னே? அந்தக் காத்திருப்புக் கட்டம் உதிரிபாகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கவில்லை. தன் புகாரை யாராவது திறந்து ஏதாவது எழுதினால்தான், பாகம் வந்துவிட்டதா என்று ஒருமுறை பார்க்கும். எழுத ஆளில்லையென்றால் பார்க்கவே பார்க்காது. மேலப்பாளையத்துப் புகார்களை நகர்த்தியது சலுகையா? மைதீன் பாத்திமாவின் தொலைபேசியும், அதை ஒன்றுவிடாமல் எழுதிவைத்த நஃபீஸத்தின் நேர்மையும். புன்னக்காயலை நிறுத்திவைத்தது பகையா? சுற்றறிக்கைக்குப் பணிந்த சாரம்மாளின் பொறுமை! கேட்டவருக்குக் கிடைத்தது, கேட்க வேண்டாம் என்றதை நம்பியவருக்குக் கிடைக்கவில்லை. இந்த அநீதியைச் செய்தவர் ஒருவருமில்லை. ஆனால் அதற்கு ஒரு பெண்ணின் பெயரைச் சூட்டப் பார்த்தோம். அதில் முதல் கை என் கை.

அன்று பாகம் வந்தும் நகராமல் கிடந்த புகார்கள் நாற்பத்தொன்று. ஒவ்வொன்றாகத் திறந்து, ஒவ்வொரு புள்ளி வைத்தார் நஃபீஸத். நாற்பத்தொன்றும் நகர்ந்தன. தேவசிகாமணியின் அலமாரியில் அன்று மதியத்துக்குள் இரண்டு தட்டு காலி. சிறு பதிவு முடிந்தால் புகாரில் தானாக ஒரு வரி விழும்படி பிறகு மாற்றிவிட்டார்கள். இன்று நீங்கள் வாங்கிச் செல்லப்போகும் இரண்டு பக்கத் தமிழ்க் குறிப்பு, கையேடு சொல்லாததை நஃபீஸத் எழுதியது.

குமரகுருபரன் மெமோவை எடுத்தார். "கிழிச்சிரட்டுமா?" என்றார்.

"கிழிக்காதீங்க சார். வாபஸ்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க. எங்க வாப்பா படிக்கணும்."

எழுதினார், கையெழுத்திட்டார். மறுநாள் செவ்வாய்க்கிழமை மாலை, வாழ்க்கையில் முதல்முறையாகச் சுற்றறிக்கையை மீறினார் சாரம்மாள். தொலைபேசியை ஓடும் கருவியின் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, "கேக்குதாம்மா? ஓடுது, கேக்குதா?" என்றார். நஃபீஸத் அன்றுதான் அழுதார் என்று தேவசிகாமணி சொன்னார். வழக்கப்படி, அந்த அழைப்பையும் எழுதிவைத்தார்.

திருத்தத்தை அதே பக்கத்தில், அதே அளவில் வெளியிட்டோம். ஆனால் அச்சில் வந்த திருத்தத்தைவிட ஊர்வாயில் விழுந்த சொல் நெடுந்தூரம் போகும். அதனால்தான் இந்த மேடையைக் கேட்டு வாங்கினேன். தலைவர் கடிகாரத்தைக் கழற்றிவிட்டார், முடித்துவிடுகிறேன்.

பின்வரிசை அண்ணாச்சி, இப்போது கேளுங்கள். அன்று குற்றமாக எழுதிய வாக்கியத்தை இன்று பெருமையாகச் சொல்லுகிறேன், சத்தமாகவே சொல்லுகிறேன். நாற்பத்தொரு புகார்களையும் எழுப்பிவிட்ட அந்த ஊழியர், மேலப்பாளையத்தைச் சேர்ந்தவர்!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், பொறுத்துக்கொண்ட நஃபீஸத்துக்கும் என் நன்றி. வணக்கம்.