தலைகீழாய் ஒட்டிய பெயர்

பசறையிலிருந்து பதுளைக்குப் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். கணவர் மடியில், கண்காட்சிக்காகத் தானே செய்த சிறிய பிளாஸ்டிக் ஹெலிகாப்டர்.

“ஹெலிகாப்டர் முன்கண்ணாடியில என் பேரு ஏன் தலைகீழா இருக்கு?” என்று மனைவி கேட்டார்.

“தண்ணியில ஊறவச்சு ஒட்டுற ஸ்டிக்கர் புள்ள. வச்சதும் வழுக்கித் திரும்பிருச்சு. நான் கவனிக்கிறதுக்குள்ள காஞ்சிருச்சு.”

“உரிச்சிருங்க.”

“ஓரம் சட்டத்துலயும் ஒட்டியிருக்கு. உரிச்சா, ரெண்டு வாரமா கண்ணாடிச் சட்டத்துக்கு அடிச்ச பெயிண்ட்டும் சேர்ந்து வந்துரும்.” அவர் முகம் வாடிவிட்டது.

மனைவி ஹெலிகாப்டரை வாங்கிக் கவிழ்த்துப் பிடித்தார்.

“இப்ப நேரா இருக்கு. கரணம் போடுதுன்னு சொல்லி இப்படியே வைங்க.”

“பைலட் விழுந்துருவானே.”

“எதுக்க என் பேரு இருக்கில்ல. பயத்துல சீட்ட விடமாட்டான்.”

கணவர் சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.